தரையோடு ஒரு பூ

விடியல். போடிமெட்டுச் சாலை. வளைவுகளைப் பனி மூடியிருக்கிறது. கீழே போடிநாயக்கனூர் இருக்கும் இடத்தில் வெண்மை.

*

ஒரு ஜீப் ஏறி வருகிறது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். ஒருத்தியின் தலையில் ஒற்றை ரோஜா.

வளைவில் ஜீப் மறைகிறது. வாசனை மறையச் சற்று நேரமாகிறது.

*

ரீயூனியன் தீவில் வயலுக்கு வேலி, ரோஜா வேலி. ஒரு செடி சீனத்தது. இன்னொன்று டமாஸ்கஸின் பெயரைச் சுமப்பது. யாரும் சேர்க்காமலே அவை சேர்கின்றன.

1817 வாக்கில், அங்கிருந்த தாவரவியல் பூங்காவின் பிரயோன் அந்தப் புதுச்செடியைக் காண்கிறார். விதை பாரிசுக்குப் போகிறது.

எட்வர்ட் ரோஜா என்று இங்கே சொல்லும் செடியிலும் அந்த வேலி இருக்கிறது.

*

மரநிழல். சருகின் ஈரம் செருப்பைத் தாண்டி வருகிறது.

ஏலச்செடி ஆள் உயரத்தைக் கடந்து நிற்கிறது. பூ அங்கே இல்லை.

குனிகிறேன்.

வேரடியில், தரையோடு, சரம் படுத்திருக்கிறது. வெள்ளைப் பூ. நடு இதழில் ஊதாக் கோடுகள். ஒரு பகல் ஆயுள்.

தேனீ வருகிறது. போகிறது.

*

காய்ந்த தண்டுகளை அரிவாள் கழிக்கிறது. கவாத்து.

ரோஜாவுக்கும் அதே சொல்.

*

1848. மெக்ஐவர் ஊட்டிச் சரிவைத் தாவரவியல் பூங்காவாகத் திருத்தத் தொடங்குகிறார். 1908. கொடைக்கானலில் பிரையன்ட் பூங்கா. 1995. ஊட்டியில் ரோஜாவுக்கென்றே ஒரு பூங்கா.

செடியடியில் பெயர்ப்பலகை. வாசித்து நிமிர்வதற்குள் காற்று பூவை வேறு பக்கம் திருப்பியிருக்கிறது.

*

நீலகிரியில், பழனி மலையில், சோலை ஓரங்களில் ஒரு காட்டு ரோஜா ஏறிப் படர்கிறது. வெள்ளை. ஐந்து இதழ்.

பாரிசில் ரெதூத்தே அதை வரைகிறார். லெஷ்னோ என்ற பயணியின் பெயர் அதற்கு.

சோலையில் மழை. ஐந்து இதழிலும்.

*

குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள். ரோஜா இல்லை.

அந்த இல்லாமையின் அருகே சற்று நிற்கிறேன்.

*

கொடைக்கானலில் விரு வீரராகவனும் கிரிஜாவும் உருவாக்கிய ரோஜா ஒன்றுக்கு ஜானகி அம்மாள் பெயர். செடிகளின் உயிரணுக்களைப் பார்த்தே வாழ்ந்தவர். 1984இல் மறைந்தார்.

பெயர் மொட்டு விடுகிறது.

*

உச்சிவேளை. தேன்சிட்டு. பிறகு அதுவும் இல்லை.

மூச்சு உள்ளே வருகிறது. எங்கிருந்து என்று தேடவில்லை.

*

உலர்த்தும் ஸ்டோரில் ஏலக்காய் காய்கிறது. கதவைத் திறந்ததும் வெப்பம் முகத்தில். கண் மூடிக்கொள்கிறது. மூக்கு விழிக்கிறது.

பச்சை மாறாமல் உலர வேண்டும். நெருப்பைக் காத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பேச்சில்லை.

*

போடியில் ஏலம் ஏலத்துக்குப் போகிறது.

ஒரே சொல். நடுவில் ஒரு மூச்சு.

*

உள்ளங்கையை முகர்கிறேன். காலையில் தொட்ட காய் இன்னும் இருக்கிறது. தொட்ட பூ இல்லை.

*

வெயில் சாய்கிறது. தோட்டத்தில் குனிய முடியாத இருட்டு. சரங்கள் இருக்குமிடம் தெரியவில்லை. அங்கே ஒரு பகல் முடிந்த பூக்கள் இருக்கும்.

*

ஜீப் இறங்கி வருகிறது. அவள் தலையில் இரண்டு இதழும் ஒரு காம்பும். விரல்களில் காயின் பிசின்.

பனி மறுபடி.

வளைவில் வாசனை. ரோஜாவா, ஏலமா.