முகப்பு அட்டையில் ஒரு முகம்

தரம் 11 வரலாற்றுப் பாடம். இரண்டாம் உலகப் போருக்கு வந்திருந்தோம். மதிய வெக்கையில் பாதி வகுப்பு தூங்கி வழிந்தது. பிள்ளைகளை உசுப்பிவிடலாம் என்ற எண்ணத்தில் பாடநூலில் இல்லாத ஒரு செய்தியைச் சொன்னேன்: அமெரிக்காவின் 'டைம்' சஞ்சிகை 1938ஆம் ஆண்டின் மனிதராக ஹிட்லரைத் தெரிவு செய்தது.

பின்வாங்கில் ஒருவன் எழும்பினான்.

"அப்ப ஹிட்லருக்கும் விருது குடுத்திருக்காங்களா சேர்?"

"அது விருது இல்ல மனே."

"விருது இல்லாட்டி என்ன சேர்?"

பதில் சொல்லுமுன் மணி அடித்துவிட்டது. அடிக்காவிட்டாலும் அன்று என்னிடம் சரியான பதில் இருந்திருக்காது.

ஆசிரிய கலாசாலையில் பயின்ற நாட்களில் நூலகத்தின் ஒரு மூலையில் பழைய 'டைம்' இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அப்போது எனது ஆங்கிலம் நொண்டி ஆங்கிலம். வாசித்ததிலும் பார்க்கப் படம் பார்த்ததே அதிகம். அந்தச் சிவப்புக் கரைக்குள் ஒருவரின் முகம் வந்துவிட்டால், உலகமே எழுந்து நின்று மரியாதை செய்ததாக நம்பினேன்.

உண்மையில் அந்த வழக்கம் ஒரு மறதியில் பிறந்தது. 1927 மே மாதத்தில் சார்ள்ஸ் லின்ட்பேர்க் தனியாளாக அத்திலாந்திக் சமுத்திரத்தை விமானத்தில் கடந்தார். அவரது படத்தை அட்டையில் போட 'டைம்' தவறிவிட்டது. வருட முடிவில் சொல்லும்படியான செய்தியும் இல்லை. விட்ட பிழையை மறைக்க 'ஆண்டின் மனிதர்' என்று பெயர் சூட்டி அவரைப் போட்டார்கள். பின்னர்தான் அதற்கு ஓர் அளவுகோல் வந்தது: நன்மைக்கோ தீமைக்கோ, அந்த ஆண்டின் செய்திகளை அதிகம் பாதித்தவர் யார்?

அந்தத் 'தீமைக்கோ' என்ற சொல்லில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது. ஹிட்லரின் இதழ் 1939 ஜனவரி 2ஆம் திகதியிட்டு வந்தது. வழமையான முகப்படம் அதில் இல்லை. பென்னம்பெரிய ஓர் ஓர்கன் வாத்தியத்தின் முன்னே முதுகு காட்டியபடி சின்ன உருவமாக ஹிட்லர். மேலே ஒரு சக்கரத்தில் தொங்கும் பிணங்கள். வரைந்தவர் வொன் ரிப்பர் என்ற ஓவியர், நாஸிகளின் வதைமுகாமில் அடைபட்டு வெளியே வந்தவர். அந்த அட்டையைக் கண்ட எவரும் அதைப் பாராட்டு என்று எடுத்திருக்க முடியாது. அதற்கு எட்டு வருடங்களுக்கு முன், காந்தியை 1930ஆம் ஆண்டின் மனிதராகப் போட்ட வேளை அவர் எரவாடா சிறையில் இருந்தார். 1951இல் ஈரானின் பிரதமர் முஸத்திக். எண்ணெயை நாட்டுடைமையாக்கிய அவரைச் சஞ்சிகை கேலியோடுதான் எழுதியது. ஆனாலும் அந்த வருடத்தை அசைத்தவர் அவர் என்பதை ஒப்புக்கொண்டது. 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரித்தானிய உளவுத் துறைகளின் கைவரிசையால் அவர் கவிழ்க்கப்பட்டார் என்பது வேறு கதை.

மன்னர் பைஸல் 1974இல் தெரிவானதை மேடைகளில் பெருமையாகச் சொல்வோர் நம்மிடையே உண்டு. அதே பட்டியலில் நமக்குப் பிடிக்காத பெயர் வந்தால் சதி என்போம். அமெரிக்க வாசகர்களும் இந்த விடயத்தில் நம்மவர்கள்தான். 1979இல், தெஹ்ரானில் தூதரகத்தவர்கள் பணயக் கைதிகளாக இருந்த வேளையில், சஞ்சிகை ஆயத்துல்லா கொமெய்னியைத் தெரிவு செய்தது. கோபக் கடிதங்கள் குவிந்தன. சந்தாவை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். 2001இல் அந்தப் பயம் வெளியே தெரிந்தது. அளவுகோலை நேர்மையாகப் பிடித்திருந்தால் அந்த ஆண்டு உஸாமா பின் லாதினுடையது. தெரிவானவரோ நியூயோர்க் மேயர் ரூடி ஜூலியானி.

இதை எங்கள் பாடசாலையின் இளம் ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் என்னை மடக்கினார்.

"கொலைகாரன் ஆசப்படுறதே அந்த அட்டைக்குத்தானே காக்கா? ஏன் அதக் குடுக்க வேணும்?"

நியாயம்தான். ஏறத்தாழ 3,000 பேரைப் பறிகொடுத்த நாட்டில் அந்த முகத்தை அட்டையில் போடுவது லேசான காரியமல்ல. நான் ஆசிரியராக இருந்திருந்தாலும் எனக்குக் கை நடுங்கியிருக்கும். ஆனால் அப்படியானால், இனி நல்லவர்களை மட்டுமே போடுவோம் என்று பகிரங்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தராசென்று சொல்லிக்கொண்டே மாலை போட ஆரம்பித்தார்கள். 2006இல் அட்டையில் கண்ணாடி போன்ற ஒரு தாளை ஒட்டி, ஆண்டின் மனிதர் 'நீங்கள்'தான் என்றார்கள். சந்தையில் போவோர் வருவோரையெல்லாம் "வாங்க முதலாளி" என்று கூப்பிடுவது எனக்கு ஞாபகம் வந்தது.

2018இல் சஞ்சிகையையே மார்க் பெனியொவ் என்ற மென்பொருள் செல்வந்தரும் அவரது மனைவியும் 190 மில்லியன் டொலருக்கு வாங்கினார்கள். 2024இல் தெரிவான டொனால்ட் ட்ரம்ப், அந்த அறிவிப்பு வந்த நாளில் நியூயோர்க் பங்குச் சந்தையின் மணியை அடித்து வியாபாரத்தைத் தொடக்கி வைத்தார். 2025இல் செயற்கை நுண்ணறிவை உருவாக்குவோர் தெரிவானார்கள். அவர்களுள் ஒருவரின் நிறுவனத்தோடு சஞ்சிகை 2024இலேயே உடன்படிக்கை செய்திருந்தது. தெரிவு பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தராசின் தட்டில் வியாபாரியின் விரலும் இருக்கும்போது நிறையை எப்படி நம்புவது? இத்தனைக்கும், 2018இல் இஸ்தான்பூலில் சவூதித் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்ட ஜமால் கஷோக்ஜியின் முகத்தை அதே வருடம் அட்டையில் போட்டதும் அவர்கள்தான். அதனால்தான் முழுவதுமாகக் கை கழுவவும் மனம் வருகுதில்லை.

ட்ரம்பைப் பற்றி இன்னொரு செய்தி. அவரது கோல்ஃப் விளையாட்டுக் கழகங்கள் சிலவற்றின் சுவர்களில் அவர் முகம் போட்ட 'டைம்' அட்டை சட்டகமிட்டுத் தொங்கியது. திகதி 2009 மார்ச் 1. அப்படி ஓர் இதழே வரவில்லை என்பதை 2017இல் 'வோஷிங்டன் போஸ்ட்' வெளிக்கொணர்ந்தது. 2016இல் உண்மையாகவே தெரிவான மனிதருக்கு ஒரு பொய் அட்டை!

வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு என் கண் எங்கள் முன்மண்டபச் சுவருக்குப் போனது.

2019இல் ஓர் அமைப்பிலிருந்து தொலைபேசி வந்தது. எனது கல்விச் சேவையைப் பாராட்டிப் பட்டம் தரப் போகிறார்களாம். அவர்களது சஞ்சிகையில் முழுப்பக்கப் படமும் வருமாம். நாலைந்து நாள் கழித்து மறுபடி அழைத்து, அச்சுச் செலவுக்குச் சிறிய ஒத்துழைப்பு வேண்டும் என்றார்கள். 15,000 ரூபா. கொடுத்தேன். அன்று மேடையில் என்னோடு நாற்பது பேருக்கு மேல். அறிவிப்பாளர் எனது பாடசாலையின் பெயரைப் பிழையாக வாசித்தார்; நான் திருத்தவில்லை. உம்மா முன்வரிசையில் இருந்து அழுதார். மௌத்தாகும் வரை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சட்டகத்தைக் காட்டினார். முகஸ்துதி பற்றி ஊரில் எத்தனை பயானைக் கேட்டிருப்பேன்!

டொமினிக் ஜீவாவை நினைத்துக்கொண்டேன். 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கி, சலூன் தொழிலோடு அதை வளர்த்து, தெருத்தெருவாக நடந்து விற்ற மனிதர். 2021இல் காலமானார். இதழுக்கு இதழ் அட்டையில் ஒரு படைப்பாளியின் முகத்தைப் போட்டார். முஸ்லிம் எழுத்தாளர்களும் அதிலே வந்தார்கள். 'மல்லிகை முகங்கள்' என்று அவை நூலாகவும் வந்தன. உலகத்தை அசைத்தவர்கள் அல்லர், ஊராரே அறியாத எழுத்துக்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்த அட்டையில் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். சட்டகம் போடவில்லை, அலுமாரியில் புத்தகங்களுக்கிடையே வைத்திருக்கிறார். கேட்டால்தான் எடுப்பார்.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவனை எழுப்பி, அந்த ஓர்கன் அட்டையைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். என்னிடம் பின்னேர வகுப்புக்கு வீட்டுக்கு வருகிறவன் அவன்.

"அப்ப உங்கட வீட்டுச் சுவரில தொங்குறது விருதா சேர்?"

வகுப்பு என்னையே பார்த்தது.

"அதுக்கு நான் சல்லி குடுத்த மனே."

"எவ்வளவு சேர்?"

சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துகொண்டான்.