ஐம்பது ரூபா யார் கணக்கில்?

அரசு மருத்துவமனைகளைத் தனியாருக்கு விற்கவில்லை என்று ஆட்சியாளர்கள் சொல்வது ஒருவகையில் உண்மைதான். டாக்டரை விற்கவில்லை, கட்டிடத்தை விற்கவில்லை. வெளக்கமாற்றைத்தான் முதலில் கொடுத்தார்கள். ரத்தமும் மலமும் அள்ளுகிற வேலை அவர்கள் கண்ணுக்கு வைத்தியத்தில் சேர்த்தியில்லை.

2017இல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனங்களுக்கு அது பெரிய விசயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்குள்ளாகவே தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனைகளில் துப்புரவும் காவலும் ஒப்பந்தக் கம்பெனிகளின் கைக்குப் போயிருந்தன.

இதில் லாபம் எங்கிருந்து வரும்? ஆலை என்றால் எந்திரத்தை வேகமாக ஓட்டலாம். வார்டு கூட்டுவதில் செலவு பெரும்பாலும் கூலிதான். ஆகவே கூலியில் பிடிக்கணும், பத்துப் பேர் வேலையை ஏழு பேரிடம் வாங்கணும், கையுறையில் மிச்சம் பண்ணணும். ஒப்பந்தம் கைமாறினால் பத்து வருசம் பெருக்கியவளும் மறுநாள் புது ஆள்.

அப்புறம் அவள் கை நீட்டுகிறாள். ஸ்ட்ரெச்சர் தள்ள ஐம்பது, பிள்ளை பிறந்த சேதி சொல்ல நூறு. கொடுப்பவளும் நம்ம தெருக்காரிதான். நூறு நாள் வேலைக் காசை முந்தானையில் முடிந்து வந்தவள். "தர்ம ஆஸ்பத்திரின்னு வந்தா இங்கயும் புடுங்குறாளுகளே" என்று ஏசுகிறாள். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் கம்பெனி இல்லை. வாங்கியது சரியென்று வாதாட நான் வரவில்லை. இல்லாதவளிடம் பிடுங்குவது அநியாயம்தான். ஆனால் அந்த ஐம்பது, மேலே யாரோ மிச்சம் பிடித்த கூலியின் பாக்கி. வசூலாவதுதான் தப்பான ஆளிடம்.

இழிதொழிலை விடச் சொன்னவர் அம்பேத்கர், அதையே நிரந்தரமாக்கு என்று கேட்பானேன் என்கிறார்கள் தோழர்கள் சிலர். நியாயமான கேள்வி. ஆனால் நிரந்தர வேலையும் பென்சனும் இருந்தபோது வெளக்கமாறு பிடித்தவளின் பிள்ளை காலேஜ் வாசலை மிதிக்க முடிந்தது. வேலையை விட்டு வெளியேற இருந்த வழியே அதுதான். ஒப்பந்தமுறை வழியை அடைத்துவிட்டு, வெளக்கமாற்றை அதே கையில் விட்டுவைத்திருக்கிறது.

அரசுக்குக் கம்பெனிகளோடு பேரம் பேசத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. மருந்து வாங்குவதற்கென்றே 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி, மாத்திரையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பித் தரம் பார்த்து வாங்குகிற அரசு இது. பேசிய கூலி அவள் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை அந்த அக்கறையோடு யார் சோதித்தார்கள்? ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று 1970இலேயே சட்டம் எழுதியாயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் அந்த முதன்மை வேலையளிப்பவர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. வாசலிலேயே பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிறார்கள்.