செறிவூட்டல் யாது?

‘செறிவூட்டல்’ என்னும் ஒரு சொல் இற்றை நாளிற் பல துறைகளிலும் வழங்குகின்றது. அஃது ஓரிடத்து நன்மையாயும் ஓரிடத்துத் தீமையாயும் முடிதலின், உயிர்க்குச் செறிவாவது யாது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

இரத்தசோகையை நீக்கக் கருதி, இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 உயிர்ச்சத்து என்பன கூட்டிய மணிகளை 100 பங்கு அரிசிக்கு 1 பங்காகக் கலப்பர். இது சேர்த்தலாற் செறிவு.

இயற்கை யுரேனியத்தில் 235 என்னும் எண்ணுடைய வகை 100க்கு 0.7 பங்கே உளது. கூடங்குளத்து உலைகளின் எரிபொருளுக்கு அதனை 5 பங்குக்கு உட்பட்ட அளவில் மிகுவிப்பர். ஆண்டுப் புறத்திருந்து ஒன்றுங் கூட்டுவதில்லை. 238 என்னும் வகையைப் பிரித்துக் குறைத்தலே செயல். இது நீக்கலாற் செறிவு.

மூன்றாவது, தாம்பரம் மாநகராட்சியில் அஸ்தினாபுரத்தை அடுத்த செம்பாக்கம் ஏரியிற் காணப்பட்டது. கழிவுநீர் புகவே, பயிர்க்கு உரமாகும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏரிநீரிற் சேர்ந்தன, ஆகாயத்தாமரை படர்ந்தது. இத்தகைய பூண்டும் பாசியும் அழுகுங்கால் நீரிற் கரைந்த பிராணவாயு குன்றும், மீன் மடியும். வயலுக்கு ஊட்டமாவது ஏரிக்கு நஞ்சாயிற்று.

உயிரின் செறிவு இவற்றுள் எதனைப் போல்வது? கல்வி, செல்வம், மதிப்பு என்பவற்றை மேன்மேலுங் கூட்டுதலே செறிவென்பார் உளர். மலத்தாற் கட்டுண்ட உயிர் அவற்றைப் பெறுங்கால், ‘யான் கற்றேன், யான் கொடுத்தேன்’ என்னும் முனைப்பே அவற்றை உண்டு தழைக்கும். சாத்திரம் பயிலும் எம்மனோர்க்கும் மடங்களைச் சார்ந்து வாழ்வார்க்கும் இவ்வச்சம் மிகவுண்டு. கற்ற நூல் பதினான்கும் ஏரியிற் புக்க உரமாதல் கூடும்.

அற்றேல், நீக்கலே செறிவு எனக் கொள்வாமெனின், அதுவும் நிரம்பாது. மலத்தின் வலி ஒடுங்கிய மாத்திரையே முத்தியெனின், உயிர் இன்பநுகர்ச்சியின்றிக் கல்லைப்போற் கிடப்பதாய் முடியும். மெய்கண்டார் சிவஞானபோதம் 10-ஆஞ் சூத்திரத்திற் பாசநீக்கமும் 11-ஆஞ் சூத்திரத்திற் சிவப்பேறும் வைத்தமை காண்க. அப்பேறு அரிசியிற் கலந்த மணிபோலப் புறத்திருந்து வந்து கூடுவதன்று. அநாதியே அத்துவிதமாய் உடன்நின்ற முதல், திருவருளால் விளங்கித் தோன்றுவதாம். படலம் நீங்கிய கண்ணுக்கு முன்னமே உள்ள ஞாயிற்றொளி புலனாதல் போலும்.

ஆயின் கல்வியும் தொண்டும் வேண்டாவோ எனின், அற்றன்று. ‘யான்’ என்பதற்று அருள்வழி நின்று பயிலப்படின், அவையே வயலிற் பெய்த எருவாய்ப் பயன்படும். எருவினிடத்துக் குற்றமில்லை, அது சென்று சேருமிடத்தே வேறுபாடு. ஆகலின், யாம் இன்று பெற்றதனால் ஊட்டப்பட்டது உயிரோ, முனைப்போ என நாடோறும் வினவிக்கொள்ளுதல் நம்மனோர்க்குக் கடனென்க.