குறுக்குக் கம்பு வம்சம் கேட்பதில்லை

“குதிரையில் சாதிக்குதிரை இல்லையா? நாயில் சாதி நாய் இல்லையா? மனிதனில் மட்டும் ஏன் கூடாது?” சாதிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. உடனே நம்மில் சிலர் அவசரப்பட்டு, குதிரையிலும் இனம் என்று எதுவும் கிடையாது, எல்லாம் பழக்குகிறவர் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். அது உண்மையல்ல. பொய்யை முட்டாகக் கொடுத்துச் சமத்துவத்தைத் தாங்கி நிறுத்த வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

குதிரையில் இனம் உண்டு, அதற்குப் பொருளும் உண்டு. இன்றைய தரோபிரெட் பந்தயக் குதிரைகளின் தந்தைவழி, இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகிறது. எது எதற்குப் பிறந்தது என்ற பதிவேடு அங்கே 1791இல் அச்சாகிவிட்டது. வேகமாக ஓடியதைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்ததன் பலன் அந்த நீண்ட காலும் பெரிய இதயமும். வண்டியிழுக்க வளர்த்த ஷயர் குதிரை எவ்வளவு பழக்கினாலும் அதோடு ஓடி ஜெயிக்காது.

ஆனால் இனத்தை வைத்து ஓர் எதிர்பார்ப்பைச் சொல்லலாம், தீர்ப்பைச் சொல்ல முடியாது. 1956இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு குதிரை ஏலம். ஹாலந்திலிருந்து குடியேறிய ஹாரி டி லேயர் என்ற சவாரி ஆசிரியர் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்துவிட்டது. விலை போகாத குதிரைகள் இறைச்சிக்கூடத்துக்குப் போகும் லாரியில் நின்றன. அதில் ஒரு சாம்பல் நிறக் குதிரையை 80 டாலருக்கு இறக்கினார். ஏர் உழுத குதிரை. தாய் தகப்பன் யாரென்று தெரியாது. ஸ்னோமேன் என்று பெயர் வைத்து, பிறகு பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றும்விட்டார். அது வேலிக்கு மேல் வேலி தாண்டி டி லேயர் வீட்டுக்கே திரும்பி வந்தது. அப்போதுதான் அதன் திறமை அவருக்குப் புரிந்தது. 1958இல் அமெரிக்காவின் சிறந்த தாண்டும் குதிரை அதுதான். அடுத்த ஆண்டும் அதுவே. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் மரியன் கோக்ஸ் என்ற பெண்ணைச் சுமந்து தனிநபர் வெள்ளி வென்ற ஸ்ட்ரோலர், உயரக் கணக்குப்படி குதிரைகூட இல்லை, போனிதான்.

தாண்டும் போட்டியில் கம்பு விழுந்தால் நான்கு தண்டப்புள்ளி, நேரம் மீறினால் அதற்கும் தண்டம். கம்புக்கும் கடிகாரத்துக்கும் வம்சம் கேட்கத் தெரியாது. அதனால்தான் இந்த இரண்டு பெயர்களும் ஏட்டில் ஏறின.

நிறத்துக்கு இந்த அளவு நியாயம்கூடக் கிடையாது. நாம் வெள்ளைக்குதிரை என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற நரைத்தவை. வியன்னா சவாரிப் பள்ளியின் புகழ்பெற்ற லிப்பிசானர்களும் அப்படித்தான். நான்கு வயதில் கருஞ்சாம்பலாகத் தாண்டிய குதிரை பத்து வயதில் வெள்ளையாகத் தாண்டுகிறது. எலும்பும் தசையும் அதேதான். ஆனாலும் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் டிரெஸ்ஸாஜ் போன்ற போட்டிகளில், நான்கு காலும் வெள்ளையாக இருந்தால் நடை எடுப்பாகத் தெரியும், தப்பான அடியும் சேர்ந்தே தெரியும் என்று சவாரிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். பாரபட்சம் நுழைவதற்குக் கண் போதும்.

சட்டமாகவே நுழைந்ததும் உண்டு. 1940இல் தொடங்கிய அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம், தாயும் தகப்பனும் தன் பதிவேட்டிலேயே இருந்தாலும், குட்டியின் உடம்பில் குறித்த எல்லையைத் தாண்டி வெள்ளை படர்ந்திருந்தால் அதைச் சேர்க்க மறுத்தது. அதே இரத்தம், அதே ஓட்டம், தோலில் ஒரு திட்டு அதிகம், அவ்வளவுதான். 2004இல்தான் அந்த விதி போனது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை நல்ல குதிரைகள் வாசலிலேயே நின்றிருக்கும்!

இப்போது சாதிக்காரரின் கேள்விக்கு வருவோம். குதிரை வளர்ப்பவர் தலைமுறைக்குத் தலைமுறை ஓடவிட்டுப் பார்க்கிறார். எவ்வளவு பெரிய வம்சமானாலும், ஓடாத ஆண்குட்டிக்குப் பெரும்பாலும் காயடித்துவிடுவார். சாதியில் என்றைக்கு, எந்த மைதானத்தில், யார் யாரை ஓடவிட்டுப் பார்த்தார்கள்? மடையனாகப் பிறந்தாலும் மேல்சாதிக்காரன் மகன் மேலேதான். மேதையாகப் பிறந்தாலும் மற்றவன் கீழேதான். குதிரையை உதாரணம் காட்டுகிறவர் குதிரை வளர்ப்பின் முதல் விதியையே தூக்கி எறிந்துவிட்டுப் பேசுகிறார். அந்த விதியை மனிதர்மேல் ஏவுவது கொடுமை என்பது தனி. ஓடி ஜெயித்தால்தான் மரியாதை என்பது பந்தயக் குதிரையின் தலைவிதி. மனிதனுக்கு மரியாதை பிறந்ததற்கே உண்டு.

ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தலித் மாப்பிள்ளை குதிரையேறி ஊர்வலம் போகப் பல ஊர்களில் இன்றும் போலீஸ் காவல் தேவைப்படுகிறது. அந்தக் குதிரை எந்தச் சாதி என்று யாரும் கேட்பதில்லை. மேலே உட்கார்ந்திருப்பவன் எந்தச் சாதி என்று பார்த்துத்தான் கல் எறிகிறார்கள். குதிரையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.