மறைத்துக் கொடுப்பதெல்லாம் தானமாகுமா?

கொடுத்தவர் பெயர் வெளிப்படாமல் கொடுப்பதை நம் முன்னோர் உயர்ந்த தானமாகப் போற்றினர். புகழாசையை அது அறுக்கும். 2018 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத்திலும் கொடுத்தவர் பெயர் இருந்ததில்லை. பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை பத்திரம் வாங்கி, விரும்பிய கட்சிக்கு அளிக்க முடிந்தது. அப்படியானால் அதுவும் குப்த தானமோ?

அன்று. யாரிடமிருந்து மறைத்தனர் என்று பார்க்க வேண்டும். கட்சியிடம் தம் பெயரைச் சொல்லிக்கொள்வது கொடுத்தவருக்கு எளிதாயிருந்தது. வாக்களிப்பவர்தாம் அறிய வழியில்லாதிருந்தது. வாக்காளரின் அறியும் உரிமைக்கு இது மாறானது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அத்திட்டத்தைத் தள்ளுபடி செய்தது.

விரதியின் உள்ளத்தில் இருக்கலாகாத மூன்று முட்களுள் நிதானமும் ஒன்று. (பள்ளிப் பிள்ளைகள் இச்சொல்லுக்குப் பொறுமை என்றே பொருள் எழுதுவர், நம் ஆகமத்தில் அது செய்த அறத்துக்குப் பயன் வேண்டும் ஆசை.) ஒப்பந்தத்தையோ உரிமத்தையோ எண்ணிக் கொடுத்த பணத்தில் அம்முள் இருந்தே தீரும்.

பத்திரம் போயிற்று, ரசீதில்லாத ரொக்கம் போகவில்லை. வணிகம் செய்யும் நம் இளைஞரிடம் தேர்தல்தோறும் கேட்க வருவர். கொடுப்பது தானமன்று என்பதை அறிந்தே கொடுக்கட்டும். காசோலையாகக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்கள் காணக் கணக்கேட்டில் எழுதட்டும்.