ஆறு வயதுக்கு முன்னால்

நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது எங்கள் கிளைப்பங்கு ஒன்றின் அங்கன்வாடி மையத்தைக் கடந்துதான் நான் போக வேண்டும். ஊரார் இன்றும் அதைப் பால்வாடி என்றே அழைக்கின்றனர். ஒரு நாள் காலையில் அதன் வாயிலில் ஒரு தாய், ஐந்து வயது மகனை இடுப்பில் சுமந்தபடி நின்றிருந்தார். மூளை முடக்குவாதத்தால் கழுத்து நிலைகொள்ளாத சிறுவன் அவன். பணியாளர் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே குறியிட்டு, எடை குறைந்த பிள்ளைக்கு உரிய சத்துமாவைத் தாயிடம் கொடுத்தார். உள்ளே பாயில் அமர்ந்து பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தனர். அந்த ஓசை வந்த பக்கம் சிறுவன் தலையைத் திருப்ப முயன்றுகொண்டே இருந்தான். தாயோ புறப்பட ஆயத்தமானார்.

"இவனையும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாமே, அம்மா" என்றேன்.

"யாரு சாமி பாத்துக்குவா? டீச்சர் ஒரு ஆளு, ஆயா ஒரு ஆளு. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

உண்மைதான், குற்றம் சொல்ல முடியாது. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளருமாக நடக்கும் மையம் அது. சமையல், எடை பார்த்தல், கர்ப்பிணிகளின் கணக்கு, கைப்பேசியில் பதிவேற்றம் ஆகிய அனைத்தும் அவர்கள் தலையில்தான். ஆயினும் அந்தச் சிறுவனுக்குப் பதிவேட்டில் கிடைத்த இடம் பாயில் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. வீடு திரும்பியதும் சட்ட நூல்களைப் புரட்டினேன்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயலும் என்றது. கீழ்வயது எல்லை எதையும் அது குறிக்கவில்லை. 1993-இல் உச்ச நீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் வழக்கில், பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தபோதும் அந்த எல்லை இல்லை. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது திருத்தமே கோடு கிழித்தது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை உரிமை. ஆறு வயதுக்கு உட்பட்டோருக்குப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு 'முயலும்'. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கான முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்ட பெருமைக்குரியது. அதுவும் இலவசக் கல்வியை ஆறு வயதில்தான் தொடங்கிப் பதினெட்டில் முடிக்கிறது.

முயலும், செய்யலாம், செய்ய வேண்டும் என்னும் மூன்று வினைகளுக்கும் உள்ள தொலைவைத் தமிழாசிரியரைவிட அந்தத் தாய் நன்கு அறிவார். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைக்கு அங்கன்வாடி உணவை உரிமையாக்கியிருப்பதால் சத்துமாவு வந்துவிடுகிறது. அந்த வயதின் வயிற்றைச் சட்டம் அறிந்துகொண்டது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது பொய்யாகும். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 54 ஆயிரம் மையங்களாக விரிந்துள்ளது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை கண்டால் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வதற்கென ஒரு நெறிமுறையையே மத்திய அரசு 2023-இல் வெளியிட்டது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டமோ, செவித்திறனற்ற குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்த ஆறு வயதுக்குள் வரச் சொல்கிறது. மொழியைப் பற்றிக்கொள்ளும் மூளையின் ஆற்றல் அந்த முதல் ஆண்டுகளிலேயே மிகுதி என்பதை மருத்துவம் அறியும். ஆறு வயதுக்குள் வா என்கிறது ஒரு துறை. உன் கல்வி உரிமை ஆறு வயதில் தொடங்கும் என்கிறது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே காதில் கருவியோடு நிற்கும் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி யார் அளிப்பது?

இளங்குழந்தைகளுக்காகப் பரிந்து பேசுவோர் இன்று பெரும்பாலும் ஒரே வாதத்தைக் கையாள்கின்றனர். குழந்தைக்குச் செலவிடுவது முதலீடு. அது பன்மடங்காகத் திரும்பி வரும் என்பது அவ்வாதம். 2000-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இதற்கு வலுவூட்டியவர். அவர் பெரிதும் சான்று காட்டும் ஆய்வு, 1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய பெர்ரி முன்பருவப் பள்ளி ஆய்வு. அதில் பயின்றோர் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்தனர், குற்றங்களில் குறைவாகவே சிக்கினர் என்று அது கண்டது. நல்லதே. ஆனால் உடல்சார்ந்த மூளைப் பாதிப்பு உடைய குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. முதலீட்டு வாதத்தின் தலைவாயிலிலேயே நம் சிறுவன் நிறுத்தப்பட்டுவிடுகிறான்.

ஆட்சியாளரின் செவியில் ஏறும் மொழி அதுதான் என்பதால் நானே மேடைகளில் அந்த வாதத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது கூச்சமாக இருக்கிறது. இந்தச் சிறுவனுக்கு நாள்தோறும் இயன்முறைப் பயிற்சி அளித்தால் என்ன கிடைக்கும்? கழுத்து நிற்கலாம். மூச்சுத் திணறாமல் கஞ்சியை விழுங்கலாம். சாய்மானம் வைத்த நாற்காலியில் அமர்ந்து, பாடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வரியாக ஒரு ரூபாயும் கருவூலத்துக்குத் திரும்பாமல் போகலாம். இலாபத்தைக் காட்டிப் பெற்ற உதவியை, இலாபம் இல்லை என்று காட்டி நிறுத்திவிடவும் கூடுமே!

அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்று குருமடத்தில் புனித தோமா அக்குவினாரின் வழியில் கற்றோம். ஒன்றும் ஈட்டாத, ஒன்றும் ஈட்ட இயலாத ஒருவனுக்கு 'உரியது' எது? அன்று வகுப்பில் இக்கேள்வி எழவில்லை. 1971-இல் நீதியைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜான் ரால்ஸும், சமூகத்தில் வாழ்நாள் முழுவதும் கூடி உழைக்க வல்லோரையே அடிப்படையாகக் கொண்டார். கடுங்குறைபாடு உடையோரைப் பின்னர் பார்க்கலாம் என ஒதுக்கிவைத்தார். எனக்குத் தோன்றுவது இதுதான்: நம்மில் யாரும் ஈட்டிய பின் பெற்றவர் அல்லர். கழுத்து நிற்காத நாட்கள் நம் எல்லோருக்கும் இருந்தன. திருப்பித் தருவோமா என்று கேளாமலே யாரோ நம் தலையைத் தாங்கினர். அந்தச் சிறுவன் நம்மிடம் கேட்பது, நாம் ஏற்கெனவே பெற்றுவிட்ட ஒன்றை.

கருவூலம் அளவற்றதன்று, ஒருவனுக்கு நாள்தோறும் பயிற்சி அளிக்கும் செலவில் பலருக்கு முட்டை கொடுக்கலாமே என்று ஒரு நிதி அலுவலர் கேட்டால், அவரைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்ல மாட்டேன். பங்கின் கணக்கைப் பார்ப்பவனுக்கு அந்தக் கவலை தெரியும். முறை வைத்துக் கொடுக்கலாம், சிறிது சிறிதாகவும் கொடுக்கலாம். ஆனால் வரிசையில் எப்போதும் ஒரே பிள்ளையே கடைசியில் நிற்பானாயின், அதைப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

நம் பக்கமும் திரும்ப வேண்டும். சிறப்புப் பள்ளிகளையும் இல்லங்களையும் திருச்சபை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. அவற்றின் ஆண்டுவிழாக்களில் பெற்றோரை மேடையேற்றி நன்றி சொல்ல வைத்திருக்கிறோம். நானும் பொன்னாடை ஏற்றிருக்கிறேன். நீதியால் கடன்பட்டதை இரக்கத்தின் கொடையாகக் காட்டலாகாது என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினர் பணி பற்றிய ஏட்டில் 1965-இலேயே உணர்த்திய கருத்து. படித்திருந்தும் பொன்னாடையை மறுக்கவில்லை.

சென்ற மாதம் பங்குப் பேரவையில் இச்செய்தி வந்தது. மாவட்ட மையத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். இலவசப் பயண அட்டை இருந்தாலும், அந்தச் சுமையோடு கூட்டத்தில் ஏறுவது எளிதன்று. வாரம் ஒருமுறை ஆட்டோ வாடகையைப் பங்கு ஏற்கட்டும் என்று இளைஞர்கள் கூறினர். மூத்தவர் ஒருவர், "நாம கொடுத்துட்டா அரசாங்கம் கைகழுவிடும், சாமி" என்றார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. வாடகையை ஓராண்டுக்கு ஏற்பது என்றும், அங்கன்வாடிக்குக் கூடுதலாக ஓர் உதவியாளரும், வட்டாரத்திலேயே வாரந்தோறும் இயன்முறைப் பயிற்சியும் வேண்டி அடுத்த கிராம சபையில் மனு அளிப்பது என்றும் முடிவாயிற்று. மனுவில் முதல் கையொப்பம் அந்தத் தாயுடையது. "தயவுகூர்ந்து" என்று எழுத்தர் தொடங்கியிருந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மீண்டும் எழுதச் சொன்னேன்.