வியாபாரி நீதிபதியாகலாமா?

பகைமூட்டும் பேச்சைச் சர்க்கார் அடக்கலாமா? அடக்கத்தான் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் பிரம்பை யார் கையில் கொடுப்பது?

ஜெர்மானியப் பாராளுமன்றம் 2017-இல் ஒரு சட்டம் இயற்றியது. பேஸ்புக், ட்விட்டர் போன்ற பெரிய கம்பெனிகள், சட்டவிரோதமென வெளிப்படையாகத் தெரியும் பதிவுகளை, புகார் கிடைத்த 24 மணி நேரத்தில் நீக்கியாக வேண்டும். இக்கடமையில் தொடர்ந்து தவறினால் 5 கோடி யூரோ வரை அபராதம். நோக்கம் நல்லதே. துவேஷப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்நாடு நன்கறியும். ஆயினும், குற்றமற்ற பேச்சை நீக்கிவிட்டால் அபராதம் எவ்வளவு? ஒரு காசுமில்லை!

வியாபாரி என்ன செய்வான்? சந்தேகம் வந்தால் அழித்துவிடுவான். 2018 ஜனவரியில் சட்டம் முழு அமலுக்கு வந்த சில தினங்களிலேயே, 'டைட்டானிக்' என்னும் நையாண்டிப் பத்திரிகையின் கணக்கை ட்விட்டர் முடக்கிற்று. துவேஷமாகப் பேசிய அரசியல்வாதி ஒருவரை அப்பத்திரிகை கேலி செய்திருந்தது. கேலி செய்தவருக்கே வாய்ப்பூட்டு!

நீதிபதியானால் இரு தரப்பையும் விசாரிப்பார். தீர்ப்புக்குக் காரணம் எழுதுவார். அதன்மேல் அப்பீலும் உண்டு. நீக்கப்பட்டவர் முறையிடுவதற்கு 2021-இல்தான் அச்சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். 2024-இல் அதனிடத்தில் வந்த ஐரோப்பிய யூனியனின் சட்டம், நீக்கியதற்குக் காரணம் கூற வேண்டுமென்கிறது. நல்ல திருத்தங்களே. முதல் தீர்ப்பு மட்டும் இன்றும் பெரும்பாலும் கம்பெனியின் கையில்தான் இருக்கிறது.